அமுலு தொடாத துணி

குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதிக்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, பரிசோதனைப் பெட்டியைத் திறந்து எதை எதற்குப் பிறகு வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, இப்போது அந்தப் பெட்டிக்குள் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. நான் சொல்ல வந்தது ஒரு தப்பைப் பற்றி. இத்தனை வருஷ வேலையில் தப்பு நிறையச் செய்திருக்கிறேன். பெரும்பாலானவை மறந்துபோயின. இது மட்டும் மத்தியானத் தூக்கம் கலைகிற நேரத்தில் இப்போதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. வியாழக்கிழமைதோறும் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி உத்திரமேரூர் போவேன். வளர்ச்சி தாமதமான குழந்தைகளைப் பார்க்க அங்கே எங்களுக்கு ஓர் அறை இருந்தது. பாய் ஒருவரின் மளிகைக் கடைக்கு மேலே, முன்பு மிளகாய் மூட்டை அடுக்கி வைத்திருந்த அறை. வாடகை வேண்டாம், குழந்தைகள் வந்து போனால் போதும் என்று கொடுத்திருந்தார். எத்தனை தடவை கழுவிவிட்டாலும் மழை நாளில் அறை முழுக்கக் காரம் கிளம்பும். குழந்தைகள், அம்மாக்கள், நான், எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வளர்ச்சியில் எந்த வித்தியாசமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீரில் மத்தியான வெயில் பட்டு, அதன் வெளிச்சம் எங்கள் அறையின் கூரையில் ஆடும். குழந்தைகளில் பாதிப் பேர் என் பெட்டியைப் பார்க்காமல் அந்தக் கூரையைத்தான் பார்ப்பார்கள். சில நாள் நானும் அவர்களோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குழந்தை ஒன்றைப் பார்த்து நிற்கும்போது உள்ளே ஏதோ ஒன்று மெல்ல நகர்வது முகத்தில் தெரியும். என் வேலையில் எனக்குப் பிடித்ததே அந்த நொடிதான். சம்பளம் வாங்கிக்கொண்டு பகல் கனவு காணக் கிடைத்த வேலை என்று என் தங்கை கேலி செய்வாள். அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை. குழந்தை வளர்ச்சி படித்த சிறப்பு ஆசிரியை. ஆனால் அங்கே எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றார்கள். முதல் வருஷம் திருத்தினேன். இரண்டாம் வருஷம் திருத்தச் சோம்பலாக இருந்தது. மூன்றாம் வருஷம், யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் எனக்கு முகம் சுருங்கியது. நடந்த தப்பில் இதற்கும் பங்கு உண்டு.

அமுலுவை அவள் அப்பா ஏகாம்பரம் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அம்மா கன்னியம்மா. உத்திரமேரூரிலேயே ஒரு சந்தில் வாடகைக்கு இருந்து பட்டு நெய்கிறவர்கள். அமுலுவுக்கு மூன்றரை வயது. குறைமாதத்தில் பிறந்தவள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. குழித்தறிக்குக் கீழே கால் மிதிக்கிற பள்ளத்தில் ஒரு தடவை உருண்டு விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வேலையில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் சென்னைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்று யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். அறிவு வளர்ச்சியே இல்லாத குழந்தைகளை நிரந்தரமாக வைத்துக்கொள்கிற இடம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு என் அறிக்கை வேண்டும்.

ஏகாம்பரம் கல்நெஞ்சக்காரர் இல்லை. நெற்றித் தழும்பைத் தடவியபடிதான் பேசினார்.

"அதுக்கு புத்தி கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. புத்தி இருந்தா, நடக்காட்டியும் பேசாட்டியும் நாங்க வச்சிக்கிறோம். பக்கத்துல கீறது அப்பனா அம்மாளான்னே தெரியாத கொழந்தைக்கு எந்த வூடா இருந்தா இன்னா?"

இப்படிக் கேட்கிற பெற்றோர் உங்களுக்கும் வருவார்கள். நாம் படித்த படிப்பில் அறிதிறன் என்பதற்கு ஐம்பது பக்கம் விளக்கம் இருக்கும். அவர்கள் கேட்பது ஒரே வார்த்தை. உண்டா, இல்லையா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற அதிகாரம் நம் கையில் இருப்பதாக அவர்கள் நம்புவார்கள். கொஞ்ச நாளில் நாமும் நம்பத் தொடங்குவோம்.

பேச்சு வேண்டாத சோதனைகளில் முதல் சோதனை உங்களுக்குத் தெரியும். குழந்தை ஆசைப்படுகிற ஒரு பொருளைக் காட்டுவோம். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துணியைப் போட்டு மூடுவோம். கைக்குழந்தைக்குக் கண்ணில் படாத பொருள் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். ஒரு வயது நெருங்கும்போது, மறைந்தாலும் அது அங்கேதான் இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். உடனே துணியை இழுத்துப்போட்டு எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளத் தெரிவதுதான் நினைப்பின் முதல் படி. நாளைக்கு அது கற்கப்போகிற சொல்லும் அந்தப் படியில்தான் ஏறி வர வேண்டும்.

மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றை அமுலுவிடம் காட்டினேன். கண் விரிந்தது. கை நீட்டினாள். நல்ல அறிகுறி என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். வாத்தைப் பாயில் வைத்து, பெட்டியோடு வந்த வெள்ளைத் துணியை அதன்மேல் போட்டேன். நீட்டிய கை நின்றது. இரண்டு கையையும் இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பி, கூரையில் ஆடுகிற வெளிச்சத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை துணியைப் போடும்போது கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விரலை உயர்த்திக் காட்டினேன். சோதனையின்போது தாய் குழந்தைக்கு உதவிவிடக் கூடாது என்பது விதி. அவள் வாயை மூடிக்கொண்டாள். அமுலு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் நான் ஊர் திரும்ப லாரிதான். மற்றச் சோதனைகளை ஓட்டமாக ஓட்டினேன். முதல் படியே இல்லாத குழந்தை மேலே எப்படி ஏறும் என்று என் மனம் முன்பே முடிவு கட்டியிருந்தது. மறைந்த பொருளைத் தேடவில்லை, ஒரு வயதுக்கும் குறைந்த நிலை என்று எழுதினேன். ஏகாம்பரத்திடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. அறிக்கையைச் சனிக்கிழமைக்குள் தருகிறேன் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கன்னியம்மா படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. வீட்டில் குழந்தையின் நடத்தை என்று இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து நிரப்ப வேண்டியது. நான் வழக்கமாக அம்மாவிடம் கேட்டு அறையிலேயே நிரப்பிவிடுவேன். இந்த அம்மாவைத்தான் நான் பேசவே விடவில்லையே. கட்டம் காலியாக இருந்தது. காலியாக அனுப்பினால் விடுதிக்காரர்கள் திருப்பிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை, விடுமுறை நாளைக் கெடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே உத்திரமேரூர் பஸ் ஏறினேன். இதில் என் மனசாட்சிக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஒரு காலிக் கட்டம்தான் என்னை அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது. ஓட்டுக்கு நடுவில் பதித்த கண்ணாடி வழியாக ஒரு பட்டை வெளிச்சம் இறங்கி நேராகத் தறிமேல் விழுந்துகொண்டிருந்தது. அதில் பட்டுத்தூசு பறந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். வாங்கம்மா என்றவர் தறியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தமும் அந்த வெளிச்சமும் எனக்குத் தூக்கத்தைக் கொண்டுவந்தன. கன்னியம்மா கொடுத்த மோரை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அவசரம் என்ற ஒன்றே இல்லை என்பது போல எல்லாம் மெதுவாக நடந்தது.

தறிக்குப் பக்கத்தில் அமுலு நின்றுகொண்டிருந்தாள். தூணில் சாய்ந்தபடி, அப்பா நெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். நெய்து முடித்த பட்டு அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவர் நெய்ய நெய்ய அந்தத் துணியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அடி முட்டாளே என்று என்னை நானே திட்டிக்கொண்டது இப்போதும் காதில் கேட்கிறது.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் பக்கம் நகர்ந்து, அமுலு அந்தத் துணியைத் தொடுவாளா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னாள். போன வருஷம் வெல்லம் தின்ற கையோடு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பட்டைப் பிடித்துவிட்டாளாம். கறை போகவில்லையாம், கொடுத்த கடையிலிருந்து புடவை திரும்பி வந்துவிட்டதாம். அவள் தொட்ட அன்றைக்கு ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் தெருவே கூடியதாம். அதிலிருந்து வெள்ளைத் துணி எங்கே கிடந்தாலும் அமுலு கையைப் பின்னால் வைத்துக்கொள்வாளாம். துவைத்துக் காயப்போட்ட துண்டைக்கூடத் தொடமாட்டாளாம். மற்றபடி மூடி வைத்த சோற்றுப் பானையை அவளே திறந்து அள்ளிக்கொள்வாளாம்.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கதான் பேசக்கூடாதுன்னு வெரல காட்னீங்களே" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நீங்களும் இங்கே வந்து நிற்பீர்கள். ஒன்றைச் செய்யாமல் இருப்பதும் மூளையின் வேலைதான். சொல்லப்போனால் அதுதான் பெரிய வேலை. வாத்து துணிக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்து, எடுக்க ஆசையும் இருந்து, முன்பு கிடைத்த திட்டை நினைவில் வைத்து, நீட்டிய கையை இழுத்து, ஆசையை மறக்க முகத்தையும் திருப்பிக்கொள்கிற குழந்தை எத்தனை படி ஏறியிருக்கிறது பாருங்கள். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரால் முடியும்? என்னாலேயே முடியாது. இந்தக் குழந்தைக்குத்தான் நான் ஒரு வயதுக்கும் குறைவு என்று எழுதியிருந்தேன்.

ஆனால் எனக்குள்ளேயே ஒரு பயமும் இருந்தது. தப்பு செய்தவளுக்கு அதைத் துடைக்கிற அவசரம் இருக்கும். இப்போது நான் பார்ப்பதும் என் அவசரமாக இருந்தால்? இல்லாத புத்தியை இருக்கிறது என்று சொல்லி, நாளைக்கு அந்தப் பள்ளத்தில் மறுபடி விழுந்தால்? அதனால் உடனே குதித்துவிடவில்லை. கன்னியம்மாவிடம் இரண்டு எவர்சில்வர் கிண்ணம் கேட்டு வாங்கினேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்று கீழே கிடந்தது. அமுலுவுக்கு அதன்மேல் ஒரு கண். தறிக்குப் பக்கத்திலேயே அவளை உட்காரவைத்து, அதைக் காட்டி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினேன். நான் கையை எடுப்பதற்குள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டாள்.

அடுத்து, குச்சியை என் மூடிய கைக்குள் ஒளித்து, கையை முதல் கிண்ணத்துக்கு அடியில் விட்டு எடுத்து, இரண்டாவது கிண்ணத்துக்கு அடியில் விட்டு, அங்கே குச்சியை வைத்துவிட்டு, வெறுங்கையைத் திறந்து காட்டினேன். அமுலு என் கையைப் பார்த்தாள். முதல் கிண்ணத்தைத் திறந்தாள். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேனே, உள்ளே ஏதோ மெல்ல நகர்வது முகத்தில் தெரியும் என்று, அது தெரிந்தது. பிறகு இரண்டாவது கிண்ணத்தைத் திறந்தாள். கண்ணால் பார்க்காத ஒரு பயணத்தை அவள் மனசுக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

தறிச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஏகாம்பரம் குழியில் உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், சோதனை முறையில் ஒரு குறை, சூழ்நிலை, பழக்கம் என்று நாலு வார்த்தை சுற்றிவிட்டுத்தான் அங்கே வந்தேன். குழந்தைக்குப் புத்தி இருக்கிறது, பேச்சுக்கும் நடைக்கும் பயிற்சி கொடுத்தால் முன்னேற்றம் வரும், அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"வியாயக்கெயம இல்லன்ற மாரி மூஞ்ச வச்சிக்கினீங்க. இன்னிக்கி கீதுன்றீங்க. நாங்க எத்த நம்பறது?"

அவர் கேட்டது நியாயம். இரண்டு கிண்ணத்தைக் காட்டி ஒரு மனுஷனை அவன் பெண்ணைப் பற்றி நம்பவைக்க முடியாது. கிண்ணத்தைத் திறப்பதைக் கோழிகூடச் செய்யும் என்று அவர் நினைத்திருக்கலாம். அவருக்கு வேண்டிய பதில் வேறு. பக்கத்தில் இருப்பது அப்பன் என்று இவளுக்குத் தெரிகிறதா என்பதுதான் அது. அதற்கு என் பெட்டியில் சோதனை எதுவும் இல்லை.

அவர் கை நீட்டினார். தார்க்குச்சியை அமுலுவிடமிருந்து வாங்கினார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நெய்த பட்டின் மேலிருந்த வெள்ளைத் துணிக்கு அடியில் அதை வைத்து மூடினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

எடுத்துக்கோ என்று சொல்லச் சொல்லி அவரிடம் கத்த வேண்டும் போல இருந்தது. தொடக்கூடாது என்று சொன்னவரே அவர்தானே, அவர் சொல்லாமல் அவள் எப்படித் தொடுவாள்? தொடாமல் நின்றால், பார்த்தீர்களா என்று சொல்லித் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவாரே. ஆனால் ஒரு தடவை விரலைக் காட்டி நான் பண்ணிய காரியம் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அமுலு தூணைப் பிடித்து எழுந்து, அதில் சாய்ந்தபடி துணியைப் பார்த்தாள். அதற்கு அடியில் குச்சி சின்னதாக மேடு கட்டியிருந்தது. கைகள் தாமாகப் பின்னால் போயின. கூரையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி துணியைப் பார்த்தாள். மறுபடி முகம். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கன்னியம்மாவின் ராட்டையும் நின்றுவிட்டிருந்தது.

பிறகு அவள் ஒரு கையை முன்னால் கொண்டுவந்து தறிமரத்தைப் பிடித்தாள். அதைப் பிடித்தபடியே, பள்ளத்துக்கு ஒதுங்கி, ஓர் அடி, இன்னோர் அடி என்று அவர் பக்கத்தில் போனாள். துணியைத் தொடவில்லை. மடியில் இருந்த அவர் கையை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கி, இழுத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவர்களின் கையை ஒரு கருவி போல இழுத்துப் பயன்படுத்துகிற குழந்தைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையை மட்டும் பார்ப்பார்கள். முகத்தைத் தேடமாட்டார்கள். இவள் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அனுமதி இல்லை, உனக்கு உண்டு, நீ எடு என்று சொன்னாள். அதை அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏகாம்பரம் உடனே துணியை எடுக்கவில்லை. அவர் கைமேல் அவள் கை இருந்தது.

"ஒரே ஒரு தபாதான் சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "தொடாதேன்னு. அப்பறம் நான் அதுங்கூட பேசறதே இல்ல. பேசி இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டேன். ஒரு வருசமா அது அத்தயே ஞாபகம் வச்சிக்கினு கீது."

கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. டாக்டரம்மாக்கள் அழக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அமுலு எங்கும் போகவில்லை. அடுத்த வியாழக்கிழமை மிளகாய் அறைக்கு வந்தாள், அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். பேச்சு வர இரண்டு வருஷம் ஆனது. வந்ததும் குறைவுதான். நடை கடைசிவரை கொஞ்சம் சாய்வாகவே இருந்தது. அந்த உழைப்பையெல்லாம் இங்கே வெற்றிக்கதையாக விரிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் சனிக்கிழமை அதற்கடுத்து நடந்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஏகாம்பரம் துணியை விலக்கினார். குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஆனால் துணியைத் திரும்ப மூடவில்லை. அவளைத் தூக்கிக் குழியின் விளிம்பில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கையைத் தன் வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டார். அவள் விரலைப் பிடித்துப் பட்டின்மேல் வைத்தார்.

"இது அரக்கு" என்றார். விரலை நகர்த்தினார். "இது பச்ச. இது ஜரிக, சுருக்குனு இருக்கும், பாரு. இங்க வந்தா மயிலு. இன்னும் பாதி மயிலுதான் ஆயிக்கீது. கய்த்து வரிக்கும் வந்துருக்குது, தல நாளிக்கி வரும்."

அமுலு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டின் மறு ஓரத்துக் கரைக்குப் போனார். அங்கேயும் அரக்கு, அங்கேயும் பச்சை, திரும்பவும் சொன்னார். ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது அவருக்கு. நான் இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டிருந்தார்கள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே வந்தேன். சந்து முனை வரைக்கும் தறிச் சத்தம் கேட்கவில்லை. உள்ளே ஏகாம்பரம் மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.